பினாங்குப் பொம்மை

ஆறாவது படத்தையும் கழற்றிக் கட்டிலின் மேல் வைத்தார்.

கூடத்துச் சுவரில் ஆணிகள் மட்டும் நின்றன.

"இன்னிக்கு ஒரு நாள்தாங்க," என்றாள் சகுந்தலா. "அவங்க கிளம்பினதும் நானே மாட்டிடறேன்."

மகள் தேன்மொழியைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

மனைவியைக் குறை சொல்ல முடியாது. அந்தப் படங்களை டவுனுக்கு எடுத்துப் போய்க் கண்ணாடி போட்டு வந்ததே அவள்தான்.

எல்லாம் பொம்மைகள். பெண் பொம்மைகள்.

பழைய பத்திரிகை விளம்பரங்களில் வருவது மாதிரி வரைவார். உயர்த்திக் கட்டிய கொண்டை. வால் நீட்டிய கண் மை. இரண்டு விரலுக்குள் அடங்கும் இடுப்பு. முழங்கை வரை வெள்ளைக் கையுறை. கடுகு மஞ்சளும் மங்கிய பச்சையும் போதும் அவருக்கு. தாள் புதிதாகத் தெரியக் கூடாது என்று டீத்தண்ணீரைப் பூசி நிழலில் காயவைப்பார்.

பால் பண்ணையில் மேற்பார்வையாளர் வேலை. வயது ஐம்பத்து நான்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் வரைவார்.

உடை மாறும். முகம் மாறாது.

பினாங்கிலிருந்து வந்த அத்தை அவருடைய அக்காவுக்குக் கொடுத்த பொம்மையின் முகம் அது. அத்தை மகள் விளையாடி அலுத்துப் போட்டது. அக்காவுக்கும் ஒரு வாரத்தில் அலுத்துவிட்டது.

சிறுவனாக இருந்த அவருக்கு அலுக்கவில்லை. தையல் கடை வாசலில் துண்டுத் துணி பொறுக்கி வந்து அதற்குக் கவுன் தைத்தார். முதல் கவுனுக்குள் கை நுழையவில்லை. அடுத்தது சரியாக வந்தது.

வாசலில் கார் நின்றது.

மூன்று பேர். மாப்பிள்ளை ஹரிதாஸ், அவனுடைய அப்பா, அம்மா. அப்பா திண்டிவனத்தில் அரிசி மண்டி வைத்திருப்பவர். கலகலப்பான மனிதர். வந்து உட்கார்ந்த உடனே மின்விசிறி எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தார். அம்மா அதிகம் பேசவில்லை. தேன்மொழி லட்டும் காராசேவும் கொண்டுவந்து வைத்துவிட்டு, எல்லோரும் சொன்னதால் எதிரே உட்கார்ந்தாள்.

அந்த அம்மாவின் பார்வை சுவருக்குப் போனது.

"வரிசையா ஆணி இருக்கே. என்ன மாட்டியிருந்தீங்க?"

"சாமி படங்க," என்றாள் சகுந்தலா. "வெள்ளையடிக்கலாம்னு எடுத்து வச்சிருக்கோம்."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"சாமி படம் இல்லைங்க. பொம்மைப் படம். நான் வரைஞ்சது."

சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

சகுந்தலா தட்டை நேராக நகர்த்தி வைத்தாள்.

"பாக்கலாமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

அவர் உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார். கட்டம் போட்ட கவுனும் சிறிய தொப்பியுமாக, பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பொம்மை. அந்த அம்மா விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியின் மேல் விரல் வைத்து அந்தத் தொப்பியைத் தொட்டார்.

"எங்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு. சின்னப் பிள்ளையா இருக்கறப்ப. அதுக்கு நான்..."

கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் இது. பொட்டப் பிள்ளைங்க விளையாடறது. மீசை வச்ச ஆளு வரையிற படமா?"

சிரித்தார். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத சிரிப்புதான். ஆனால் பெரிய சிரிப்பு.

அந்த அம்மா படத்தைப் பக்கத்தில் குப்புற வைத்தார்.

"அதுக்கு நீங்க?" என்றாள் தேன்மொழி. வந்ததிலிருந்து அவள் கேட்ட முதல் கேள்வி.

"ஒண்ணுமில்லம்மா."

ஹரிதாஸ் தட்டிலிருந்த லட்டை உதிர்த்துக்கொண்டிருந்தான்.

பேச்சு மழைக்குப் போனது. பிறகு அரிசிக்கு. அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். கிளம்பும்போது மாப்பிள்ளையின் அப்பா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தோளில் தட்டினார்.

மாலையில் போன் வந்தது.

சகுந்தலா போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"அவங்களுக்குப் பிடிச்சிருக்காம். நம்ம என்ன சொல்றோம்னு கேக்கறாங்க."

அவர் மகளைப் பார்த்தார்.

"அந்தம்மா என்ன சொல்ல வந்தாங்கன்னு தெரியவே இல்லப்பா," என்றாள் தேன்மொழி.

"ஏதாவது கவுன் தைச்சிருப்பாங்க. விடும்மா."

"அவருக்காவது தெரிஞ்சிருக்குமா? அவங்கம்மாதானே. தட்டையே பாத்துட்டு இருந்தாரு."

"பையனைத் தப்பு சொல்லாத. அப்பா முன்னாடி எல்லாருக்கும் வாய் வந்துடாது." கொஞ்சம் நிறுத்தினார். "எங்கப்பா அந்தப் பொம்மையத் தூக்கி வெந்நீர் அடுப்புல போட்டாரு. நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். ஒரு வார்த்தை பேசல."

"உங்களுக்கு அப்ப ஒம்பது வயசுப்பா. அவரு என்ன சின்னப் பிள்ளையா?"



"லைன்ல இருக்காங்க," என்றாள் சகுந்தலா, குரலே எழாமல்.

அவர் எழுந்து கையை நீட்டினார்.

"இங்க குடு. நான் பேசறேன்."