பழைய மெத்தை, பழைய அடுப்பு

“திங்கட்கிழமை காலையில எல்லாரும் ஆபீஸ்ல இருக்கணும். உனக்கு மட்டும் தனிச் சட்டம் போட முடியாது, யாதிரா.”

திரையில் எவரார்தோ கறாராகச் சொன்னார். காப்பீட்டுக் கம்பெனியின் மெக்சிகோ நகரக் கிளைக்கு அவர்தான் மேனேஜர். அவருக்குப் பின்னால் ஆபீஸ் புத்தக அலமாரி, கம்பெனிக் கொடி, கண்ணாடிச் சுவர். மேனேஜர்கள் போன மாதமே ஆபீசுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று உத்தரவு. இப்போது மற்றவர்கள் முறை.

“எவரார்தோ சார், அப்பாவைத் தனியா விட முடியாது. பக்கவாதம் வந்ததுலேருந்து ஒரு கை விளங்கல, பேச்சும் வரல. தாகம்னாகூடக் கேட்க முடியாது அவரால. நான்தான் ஊட்டணும். இஸ்தபலாபாவுலேருந்து ஆபீசுக்கு வந்து போகவே பாதி நாள் ஆயிடும்…”

“எல்லார் வீட்டுலயும் யாராவது இருக்கத்தாம்மா செய்யறாங்க. இப்போ மான்டெரேயிலேருந்து டைரக்டர் மேடம் சேரப்போறாங்க. நான் பேசி முடிக்கிற வரைக்கும் உன் பக்கத்துலேருந்து ஒரு சத்தம் வரக் கூடாது. அப்புறம் நீ உன் கதையைச் சொல்லு.”

கதையாம். வாயில்லாத மனிதருக்கு வேளாவேளைக்கு ஊட்டுவது இவருக்குக் கதை.

டைரக்டர் கிரிசெல்தா மேடம் திரையில் வந்தார்.

“சொல்லுங்க எவரார்தோ. இந்தப் பொண்ணுக்கு விதிவிலக்கு கொடுக்கலாமா?”

“வேண்டாம் மேடம். காலையிலேயே எழுதி அனுப்பிட்டேனே. வீடு வீடுதான், ஆபீஸ் ஆபீஸ்தான். காரை இடிச்சுட்டு ஒருத்தர் பதறிப்போய் நமக்குப் போன் பண்றார். அந்த நேரத்துல பின்னால நாய் குரைச்சா, மிக்ஸி ஓடினா கம்பெனி மானம் என்ன ஆறது? நானே பாருங்க, ஒரு நாள் தவறாம…”

அந்த நேரம் பார்த்து அது கேட்டது.

பழைய மெத்தை, பழைய அடுப்பு, ஓடாத ஃபிரிட்ஜ், எந்த இரும்பு இருந்தாலும் எடுக்கிறோம் என்று ஒலிபெருக்கியில் இழுத்து இழுத்துக் கூவுகிற சின்னப் பெண்ணின் குரல். நகரத்தில் பழைய சாமான் வண்டிகள் எல்லாவற்றிலும் அந்த ஒரே பதிவுதான். எந்தப் பேட்டைக்குப் போனாலும் அதே குரல், அதே இழுவை. எந்தத் தெருவில் போகிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

அது போதாதென்று, வண்டிச் சத்தத்துக்கு நடுவே வயதான குரல் ஒன்று நடுக்கத்தோடு கூப்பிட்டது.

“சேமியா சூப் ஆறிப்போச்சு… வர்றியா, இல்லையா?”

டைரக்டரின் முகம் சுருங்கியது.

“யாதிரா, என்ன இது? ஆபீஸ் கூட்டமா, சந்தையா?”

யாதிரா திரையையே பார்த்தாள். அதுவரை படபடவென்று பொரிந்து தள்ளிய எவரார்தோ வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

யாதிரா லேசாக முன்னால் குனிந்து நிமிர்ந்தாள்.

“மன்னிச்சுடுங்க மேடம். எங்க தெருவுல இந்த வண்டி எப்பவும் இந்த நேரத்துக்குத்தான் வரும்.”

“சூப் கேட்டது?”

“அதுவும்… எங்க வீட்டுலதான்.”

“எவரார்தோ சொன்னது சரியாப் போச்சு. விதிவிலக்கெல்லாம் கிடையாதும்மா. திங்கட்கிழமை ஆபீசுக்கு வா. முடியலன்னா வேலையை விட்டுடு.”

யாதிராவின் கண்கள் கலங்கிவிட்டன. “சரி மேடம்” என்றாள்.

“வேற ஏதாவது இருக்கா, எவரார்தோ? இல்லேன்னா முடிச்சுக்கலாம்.”

எவரார்தோ மவுஸை நகர்த்தி எதையோ தேடினார்.

“எவரார்தோ?”

அவருக்குப் பின்னால் திரையில் வெறும் படமாக இருந்த புத்தக அலமாரி மறைந்தது. கொடியும் கண்ணாடிச் சுவரும் கூடவே போயின. அந்த இடத்தில் ஒரு சமையலறை இருந்தது. மூலையில் சக்கர நாற்காலியில், கழுத்தில் துண்டு கட்டியபடி ஒரு வயதான அம்மாள். எதிரே தொடாத சூப் கிண்ணம்.

“எங்கம்மா” என்றார் எவரார்தோ. “யாதிராவோட அப்பாவுக்குப் பேச்சே வராது மேடம். சூப் கேட்டது இவங்கதான். வண்டி போனது என் வீட்டு வாசல்ல. ஆபீஸ் காலியாத்தானே கிடக்கு, யாருக்குத் தெரியப் போகுதுன்னு நான் போன மாசத்துலேருந்து அங்கே காலே வைக்கல.”

டைரக்டருக்கு வந்தது கோபமா வருத்தமா, தெரியவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“அடுத்தவங்க வீட்டுல நாய் குரைக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே?”

“நான்தான் மேடம்.”

“உங்களைப் பத்தி அப்புறம் பேசறேன். யாதிரா, இப்போ சொன்னதை நான் வாபஸ் வாங்கிக்கறேன். உன் விஷயத்தை மறுபடியும் பார்க்கணும்.” பிறகு எவரார்தோவிடம் கேட்டார். “பாவம், தன்னோட மைக்லேருந்துதான் சத்தம் வருதுன்னு பயந்துபோய் மன்னிப்புக் கேட்டுட்டா போலிருக்கு?”

“இல்லை மேடம்.” எவரார்தோவின் குரல் இறங்கிவிட்டது. “சத்தம் வரக் கூடாதுன்னு நான் சொன்னதுமே அவ மைக்கை அணைச்சுட்டா. மன்னிப்புக் கேட்கத்தான் அதைத் திறந்தா.”