முப்பத்தொன்றாம் எண் கோட்டு

முப்பத்தொன்றாம் எண் ஆணியில் கோட்டு இல்லை.

வினோதா பெஞ்சுக்கு அடியில் பார்த்தாள். பக்கத்து ஆணிகளிலும் தேடினாள். நேற்று மாலை தன் கையால் மாட்டிவிட்டுப் போன கோட்டு.

"ரோஜா, என் கோட்டைப் பாத்தியா?"

"அஞ்சக்கா எடுத்துக்கினு போச்சு."

எந்தச் செய்தியையும் அரை மணி நேரம் வாயில் வைத்திருக்கத் தெரியாத ரோஜா, அதற்குமேல் ஒரு சொல் பேசாமல், முகத்தையும் பார்க்காமல் வெளியே ஓடினாள்.

வினோதா துப்பட்டாவை வயிற்றின்மேல் இழுத்து விட்டுக்கொண்டாள்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இருந்த அந்தப் பிளாஸ்டிக் உதிரிபாகக் கம்பெனியில், துப்பட்டாவோடு இயந்திரத்தின் அருகில் நிற்கக் கூடாது. அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கோட்டு அணிய வேண்டும். பழைய கோட்டு கிழிந்துவிட்டது என்று பொய் சொல்லி, ஸ்டோரில் கெஞ்சி வாங்கிய பெரிய கோட்டு இது. இதற்குள்தான் அவளுடைய ஐந்து மாதம் ஒளிந்திருந்தது.

அதுவும் இன்றைக்கா காணாமல் போக வேண்டும்?

இன்று காண்டிராக்டரின் மேலாளர் ஹேமநாத் வரும் நாள். பெண்களை வரிசையாக நிறுத்தி மேலும் கீழும் பார்ப்பார். சென்ற ஆண்டு வயிறு தெரிய நின்ற நந்தினியிடம் மிகவும் கனிவாகத்தான் பேசினார். "போய் ரெஸ்ட் எடும்மா. குழந்தை பொறக்கட்டும், நாங்களே கூப்பிடறோம்."

குழந்தை பிறந்து நடக்கவே தொடங்கிவிட்டது. கூப்பிடத்தான் ஒருவரும் வரவில்லை.

பக்கத்து ஊரான ஆரணியில் வினோதாவின் கணவன் சரவணன், கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்ததில் காலில் கம்பி வைத்துக்கொண்டு படுத்திருந்தான். அந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் கால்கள் இப்போது இவளுடையவை மட்டுமே.

அஞ்சம்மாள் அந்த லைனில் மூத்தவள். வாயைத் திறந்தால் ஏச்சு. சில வாரங்களாக, வினோதா டிரேயைத் தொட்டாலே ஓடி வந்து பிடுங்கிக்கொள்வாள்.

"நீ தூக்கி எப்ப விடியறது? போய் ஸ்டூல்ல குந்திக்கினு பீஸை எண்ணு."

கழிவறைக்கு அடிக்கடி எழுந்து போனால், "இன்னாடி, குழாயைத் தொறந்து வுட்டுட்டாங்களா?" என்று கேட்பாள். மற்றப் பத்துப் பேரும் சிரிப்பார்கள்.

இப்போது எல்லாம் விளங்கியது. மோப்பம் பிடித்துவிட்டாள். கோட்டை ஒளித்துவிட்டு, ஹேமநாத்தின் முன்னால் வெறும் சுடிதாரோடு நிறுத்தப் போகிறாள்.

வெளியே கார் வந்து நின்றது.

வினோதா கழிவறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டாள். மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை ஒடுக்கிப் பார்த்தாள். ஒடுங்கவில்லை. உள்ளே இருந்தது ஒரு முறை அசைந்தது.

கதவு தட்டப்பட்டது.

"வினோதா, வெளிய வா." அஞ்சம்மாளின் குரல்.

"தலை சுத்துதுக்கா."

"சுத்தும், சுத்தும். வெளிய வா."

"முடியலக்கா. நான் ஊட்டுக்குப் போறேன்னு சொல்லிடுங்க."

"போனா அதோட போவ வேண்டியதுதான். அந்தாளு பேரு படிக்க ஆரம்பிச்சுட்டாரு. தொற கதவை."

காலில் விழுந்தாவது கெஞ்சுவோம் என்று தாழ்ப்பாளை நீக்கினாள். கும்பிட எடுத்த கைகளில் கோட்டு வந்து விழுந்தது.

"மாட்டு. பட்டனை ஒழுங்காப் போடு. வா என் பின்னால."

வினோதா வரிசையின் கடைசியில் போய் நின்றாள். தலையை நிமிர்த்தவே அச்சமாக இருந்தது. ஹேமநாத்தின் காலடி ஓசை நெருங்கி வந்தது. பாதி வழியில் நின்றது.

"என்னம்மா இது? எல்லாரும் சாக்குப் பைக்குள்ள நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?"

அப்போதுதான் வினோதா நிமிர்ந்தாள். பன்னிரண்டு பேரும் பெரிய கோட்டு அணிந்திருந்தார்கள். ஒல்லிக்குச்சியான ரோஜாவின் கைகள் கோட்டுக்குள்ளேயே தொலைந்து போயிருந்தன. அஞ்சம்மாளுக்கு அது முழங்காலைத் தொட்டது.

"சின்ன சைஸு அக்குள்ல கிழியுது சார். இது காத்தாட கீது" என்றாள் அஞ்சம்மாள்.

"யாராவது முழுகாம இருக்கீங்களா? இப்பவே சொல்லிடுங்க."

"எனக்கு நாப்பத்தொம்போது சார். என்னையும் நல்லாப் பாத்துக்கோங்க."

வரிசை முழுவதும் சிரித்தது. ஹேமநாத் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு முறை பார்த்தார். வினோதா மூச்சு விடவில்லை. எல்லாம் ஒன்றுபோலவே தொளதொளவென்றிருந்தன. கையிலிருந்த பட்டியலை மடித்துக்கொண்டு அடுத்த லைனுக்குப் போய்விட்டார்.

ரோஜா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். வினோதா அதில் உட்கார்ந்து அஞ்சம்மாளைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

"நாஷ்டா டப்பாவைத் தொறந்ததும் வாயைப் பொத்திக்கினு ஓடுனியே, ரெண்டு மாசம் இருக்கும். அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் கோட்டை எடுத்தீங்க?"

"மாதிரி காட்டுனாத்தான் அதே சைஸு குடுப்பேன்னுட்டான் ஸ்டோர்ல இருக்கற வரதன். ஒவ்வொரு மூட்டையாப் பிரிச்சு சைஸு பாக்கறதுக்கு அவனுக்குச் சோம்பேறித்தனம்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"நீயே வாயைத் தொறக்காம இருக்கறப்போ, நாங்களா வந்து இன்னான்னு கேக்கறது?"

வினோதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெனம் தெனம் செத்துப் பொழச்சேன்க்கா."

அஞ்சம்மாள் அவள் பக்கத்தில் இருந்த டிரேயை வழக்கம்போல் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீ ஒருத்தி மறைச்சதுக்கே இம்மாம் பயமா? நாங்க பதினோரு பேரு ரெண்டு மாசமா மறைச்சுக்கினு கீறோம், அதுல இந்த ரோஜாவும் ஒருத்தி. எங்க பயத்தைக் கொஞ்சம் நெனச்சுப் பாரு."