மாமாவின் மணிக்கட்டு

“எக்ஸ்ரே மட்டும் வேண்டாம். கையைக் கட்டி விட்டுட்டுப் போ, அனந்தா.”

சாம்பசிவய்யர் கட்டிலில் படுத்தபடி சொன்னார். வலது கை தலையணைமேல் கிடந்தது. மணிக்கட்டு, கவிழ்த்து வைத்த கரண்டிபோல வளைந்திருந்தது.

டாக்டர் அனந்தபத்மநாபன் கரமனையில் அதே தெருக்காரர். கூப்பிட ஆள் அனுப்புவதற்குள் வந்துவிட்டார். சாம்பசிவய்யரின் மனைவி வாலாம்பாளுக்கு அதில் ஒரே பெருமை.

“உங்களுக்கு அறுபத்தெட்டு வயசு, மாமா. இந்த வயசில எலும்பு கைமுறுக்கு மாதிரி. வீக்கம் கம்மியா இருக்கேன்னு விட்டுடப்படாது. இடுப்பிலயும் கீறல் இருக்கலாம்.”

“இடுப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“நீங்க சொன்னா ஆச்சா? காலை நீட்டுங்கோ.”

டாக்டர் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து நீளம் பார்த்தார். எந்தக் காலும் குட்டையாகவில்லை. எந்தப் பாதமும் வெளியே சாயவில்லை.

“எப்படி விழுந்தேள்?”

“கோவில் குளத்துப் படியில. வழுக்கிடுத்து.”

“குளத்தில வழுக்கி விழுந்தவர் வேஷ்டி நனையவே இல்லையே?” என்றாள் வாலாம்பாள்.

சாம்பசிவய்யர் கண்ணை மூடிக்கொண்டார்.

“மேல்படியா இருக்கும், மாமி,” என்றார் டாக்டர். “முன்பக்கமா விழுந்து வலது கையை ஊனியிருக்கார். இடுப்பு தரையில படல்லை. மணிக்கட்டோட போச்சு. ஆனா எப்படி ஒடிஞ்சிருக்குன்னு படம் எடுத்தாத்தான் மனசிலாகும். கோணலாச் சேர்ந்துடுத்துன்னா, அப்புறம் சந்தியாவந்தனத்தில அர்க்கியம் விடக் கையில தண்ணி நிக்காது.”

“நிக்காட்டாப் போறது.”

வாலாம்பாள் மோவாயில் கை வைத்தாள். அக்ரகாரத்துச் சமூக மடத்துத் தலைவர் பேசுகிற பேச்சா இது? காபி கிளப்பில் தோசை தின்ற குற்றத்துக்காகச் சேஷனைப் பாதிச் சாப்பாட்டில் பந்தியிலிருந்து எழுப்பியவர். அர்க்கியம் விடாமல் ஒரு நாள்கூடப் பச்சைத் தண்ணீர் குடித்தவரில்லை.

“நீ பேசாமல் வண்டிக்குச் சொல்லு, அனந்தா. படம் எடுத்தா உள்ளே இருக்கற எலும்பு அத்தனையும் தெரியுமாமே. நானும் வரேன். அடுத்தாத்துப் பாகீரதியும் பாக்கணுங்கறா.”

“பாகீரதி எதுக்கு?” என்று அலறினார் சாம்பசிவய்யர்.

“தெருவில இதுவரைக்கும் யார் எக்ஸ்ரே பாத்திருக்கா? எல்லாரும் வரா, கேட்டேளா?”

அவர் இடது கையை வயிற்றின்மேல் வைத்து மறைத்தார். மறைக்க வேண்டியது அங்கேதான் இருந்தது.

நாற்பது வருஷம் அவர் சாலைக் கடைத்தெருவின் ஒரு சந்து வழியாகத்தான் கச்சேரி வேலைக்கு நடந்தார். சந்தில் ஒரு மிலிட்டரி ஓட்டல். நாற்பது வருஷமும் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டே போனார். துண்டுக்குள்ளும் மணம் வந்தது. இன்று மத்தியானம் அதே துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார். அப்பமும் கோழிக்கறியும். இரண்டு வாய் சுகமாக இறங்கிற்று. மூன்றாவது வாயின்போது உள் அறையில், “கரமனை ஆள்! கரமனை ஆள்!” என்று ஒரே கலவரம். யாரோ ஒருவன் கொல்லைச் சுவரேறிக் குதித்தான். முதுகுதான் தெரிந்தது. வந்த கரமனைக்காரன் யாரென்று திரும்பிப் பார்க்கவும் அவருக்குத் தைரியமில்லை. வாயில் இருந்ததை அப்படியே விழுங்கிவிட்டு அவரும் குதித்தார்.

விழுங்கியதில் எலும்பு இருந்தது.

“வாலாம்பா, அனந்தனுக்குக் காபி கொண்டா.”

அவள் உள்ளே போனாள். சாம்பசிவய்யர் குரலைத் தாழ்த்தினார்.

“ஏண்டா, அந்தப் படத்தில எலும்பு எல்லாம் தெரியுமோ?”

“தெரியும்.”

“எல்லா எலும்பும்?”

“அத்தனையும்.”

“நம்ம எலும்பு மட்டுமா? இல்லை... மத்ததுமா?”

டாக்டர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“மணிக்கட்டை மட்டுந்தான் எடுப்பா, மாமா. வயித்துப் பக்கமே போக மாட்டா. கோழி எலும்பு தெரியாது.”

“நான் கோழின்னு சொல்லவே இல்லையே!”

“நீங்க சொல்ல வேண்டாம். கொல்லையில வாழை மறைவில நின்னு, நீங்க விழுந்ததை நான் பாத்தேன். எனக்குப் பின்னாலதானே குதிச்சேள்?”

சாம்பசிவய்யருக்கு அந்த முதுகு இப்போது அடையாளம் தெரிந்தது. முதலில் கோபம் வந்தது. அப்புறம் பெரிய நிம்மதி வந்தது. கடைசியில் அவருக்குள்ளிருந்த தலைவர் வந்தார்.

“சரி. நீ என்னைப் பாக்கல்லை, நான் உன்னைப் பாக்கல்லை. எக்ஸ்ரேக்கு வரேன். ஆனா அந்தக் கரமனைப் பாவி யாருடா? இனிமே பந்தியில எதிர்த்தாப்பல உக்காந்துண்டு நம்மைப் பாத்துச் சிரிப்பானே! நீ அவன் முகத்தைப் பாத்திருப்பே. பேரை மட்டும் சொல்லு. அடுத்த கூட்டத்திலயே அவனைத் தள்ளி வைக்கறேன்.”

டாக்டர் அவர் கையில் மூங்கில் பட்டையை வைத்துக் கட்டத் தொடங்கினார்.

“அவரைத் தள்ளி வெச்சா, கூட்டத்துக்குத் தலைமை தாங்க ஆள் இருக்காது, மாமா. நீங்க உள்ளே வந்து உக்காந்ததைப் பாத்துட்டுத்தான் நான் சுவரேறினேன்.”