பாய்க்குள் இருவர்

ஆஸ்திரேலியாவின் லோகன் நகரில் பெனினாவின் வீட்டு வாசலில், நெய்த பாயைத் தலைவழியே போர்த்தி இருவர் விடிந்ததிலிருந்து மண்டியிட்டிருந்தார்கள். கார் ஓட்டி விபத்தில் அவள் மகனைக் கொன்ற தோமாசியும், அவனுக்காக மன்னிப்புக் கேட்க வந்த ஒருவரும். எங்கள் சமோவா வழக்கப்படி, அவள் பாயை விலக்கினால்தான் மன்னிப்பு.

"வெயில் ஏறுதுக்கா," என்றாள் தங்கை லூசா.

"ஏறட்டும். அந்த அநாதைப் பயலுக்கு எவன்டி சொந்தம்னு வந்திருக்கான்? உன் அத்தானக் கூப்பிடு, விரட்டட்டும். ரக்பி ஆட வந்து, ஊர்ப் பயலுகளுக்கெல்லாம் தலைவரானவரு, பெத்த புள்ளைக்காகவும் ஒருநாள் வரட்டும்!"

லூசா பாயையே பார்த்து நின்றாள். பெனினாவே வெளியே போனாள்.

"உள்ள யாரு?"

"நான்தான், பெனினா." கணவன் செமிசியின் குரல். "இவனும் என் டீம் பையன். இவனோட முட்டி போட வேற யாரு இருக்கா?"

"அப்ப நம்ம புள்ளைக்கு யாருங்க?"

பாய்க்குள் இருவரும் அழுதார்கள். எது கணவன் அழுகை என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

பாயை விலக்கினாள்.