பால் வராத தண்டு

லேத் பட்டறைச் சுவரோரம் படர்ந்த பருப்புக்கீரை முன் குந்தியிருக்கிறார் கடைசல்காரர். சிவந்த தண்டிலும் தடித்த இலையிலும் மாலை வெயில் எண்ணெய் பூசியதுபோல் மினுங்குகிறது. இரும்பில் நூலிழை பிசகாத மனுஷன், ஒருமுறை பால்செடியைக் கீரையென்று வதக்கித் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர். கைப்பேசியில், கடல் தாண்டி நர்ஸ் வேலைக்குப் போயிருக்கும் மனைவி. ஒரு தண்டை ஒடித்துத் திரைக்கு நேரே நீட்டுகிறார். "பால் வடியுதாங்க?" என்கிறாள். "இல்ல, தண்ணிதான்." "அப்ப நம்ம கீரைதான். கடைஞ்சு சாப்பிடுங்க, வாய்ப்புண்ணு ஆறிடும்." புண் ஆறி ஒரு மாதமாகிறது, கண்ணைக் கட்டிவிட்டாலும் இப்போது அவர் இந்தக் கீரையைப் பறித்துவிடுவார். "இதையும் பாரேன்" என்று இன்னொரு தண்டை ஒடித்து, சற்றுத் தள்ளியே பிடிக்கிறார். உற்றுப் பார்க்க அவள் குனிகிறாள். முகம் திரை நிறைய வருகிறது.