ஓரமாக வைத்த கால்

ஆக்சிலேட்டரை மிதிக்காமலே காரை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் அந்தப் பழைய க்ரூஸ் கண்ட்ரோலோடு மூன்று வாரமாக மல்லுக்கட்டினார் மெக்கானிக் தேவசகாயம். புதிதாக ஒன்று மாட்டிவிடலாம் என்றால், காரின் சொந்தக்காரர் கஸ்தூரிரங்கன் கேட்கவில்லை. கடைசியில், வெடித்துப்போயிருந்த ரப்பர் குழாய் அகப்பட்டது. அதை மாற்றியதும் இருவரும் புறவழிச்சாலைக்குப் போனார்கள். கஸ்தூரிரங்கன் வலது தொடையைக் கையால் அழுத்தித்தான் வேகத்தை அறுபதுக்கு ஏற்றினார். பொத்தானைத் தட்டியதும், மரத்துப்போன அந்தக் காலைத் தூக்கி ஓரமாக வைத்தார். கார் தானாக ஓடியது. அவர் முகம் தெளிந்தது.

“சார், பிரேக்கை எந்தக் காலால மிதிப்பீங்க?”

“அதுக்கு இன்னும் தூரம் இருக்குப்பா.”

தேவசகாயத்துக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. கைப்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அவரும் சாலையைப் பார்த்தார்.