ஜெசிந்தாவின் கைகள்

இறந்துபோன மனைவி ஜெசிந்தாவின் பேசும் டிஜிட்டல் உருவத்தை டேப்லெட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார் அருள்ராஜ். அதைப் பார்த்து ஒரு பஞ்சுப் பொம்மை தைக்க வேண்டும். வளைத்த இடத்தில் கைகள் நிற்கும்படி உள்ளே கம்பி வைக்க வேண்டும்.

பொம்மை தைக்கும் பிலோமினா திரையில் அந்த உருவத்தைத் திருப்பித் திருப்பித் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது அது பேசியது.

“அக்கா, கையில மட்டும் கம்பி வேண்டாம்.”

“அதைத்தானேம்மா உங்க வீட்டுக்காரர் மூணு தடவை சொல்லிட்டுப் போனார்?”

“கடைசி ரெண்டு வருஷம் நான் அவரைக் கட்டிப்பிடிச்சதே இல்லக்கா. இப்ப அவரே என் கையை வளைச்சுத் தன் கழுத்துல போட்டுக்குவார்.”

நறுக்கி வைத்திருந்த கம்பியைப் பிலோமினா டப்பாவிலேயே போட்டுவிட்டாள்.

பொம்மையை வாங்க வந்த அருள்ராஜ் அதன் கைகளைத் தூக்கிப் பார்த்தார். விட்டதும் அவை தொங்கின.

“கம்பி வைக்கலயா?”

“அவங்கதான் வேண்டாம்னாங்க சார்.”

அவர் பொம்மையின் கைகளை அதன் மடியில் மெல்ல எடுத்து வைத்தார். பிறகு டேப்லெட்டை எடுத்துத் தணிந்த குரலில் கேட்டார். “ஜெசி, என்கூட வீட்டுக்கு வர்றியா?”

திரையில் இருந்தவள் யோசித்தாள். “இன்னைக்கு வேண்டாங்க.”

பொம்மையையும் டேப்லெட்டையும் மேஜையில் வைத்துவிட்டு அவர் தனியாகப் படியிறங்கினார். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து கேட்டார்.